டிஎல்எல் காணோம் என்று பெட்டி வந்த நாள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பழைய_ஸ்பேனர்

டிஎல்எல், அதாவது பல புரோகிராம்கள் பொதுவாக எடுத்துப் புழங்கும் ஃபைல், காணோம் என்று திரையில் வரும் அந்தப் பெட்டியைப் பார்க்காதவர் இங்கே இருக்க மாட்டீர்கள். சிவப்பு வட்டம், உள்ளே வெள்ளைப் பெருக்கல் குறி, பக்கத்தில் வாயில் நுழையாத ஒரு ஃபைல் பெயர்.

2018. சர்வீஸ் கடையில் சேர்ந்து நாலு மாதம். ரிட்டயர் ஆன டீச்சர் ஒருவர் லேப்டாப்பைத் துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்தார். விண்டோஸ் 7. பேத்தி போட்டுக் கொடுத்த வீடியோ எடிட்டரைத் திறந்தால் எம்எஸ்விசிபி140.டிஎல்எல் இல்லை என்கிறது. புரோகிராமை மறுபடி இன்ஸ்டால் செய்து பார் என்று பெட்டியிலேயே கடைசி வரி இருந்தது. நான் அதை விண்டோஸையே மறுபடி போடச் சொல்கிறது என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் கடையில் அப்போது எல்லா வியாதிக்கும் ஃபார்மேட்தான் மருந்து, 600 ரூபாய். டி டிரைவைத் தொடவில்லை, சி-யை மட்டும் அழித்தேன். டெஸ்க்டாப்பில் இருப்பதெல்லாம் சி-யில்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

சாயங்காலம் வந்து திறந்து பார்த்தார். நீல வால்பேப்பர், மூலையில் ரீசைக்கிள் பின், வேறு ஒன்றுமில்லை. திட்டவில்லை. "இங்கதானே தம்பி இருந்துச்சு" என்று திரையில் ஓர் இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். அந்த விரல் இன்னும் கண்ணில் நிற்கிறது.

அந்த ஃபைலைக் கொண்டுவரும் ஒரு சின்ன ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் பேக்கேஜைப் போட்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்கும் என்று தெரிய எனக்கு ஒரு வருஷம் ஆனது.

மின்னல்_ராஜா

காப்பி எடுக்காமல் ஃபார்மேட் போட்டதற்கும் டிஎல்எல்லுக்கும் என்ன சம்பந்தம்? அது தனித் தப்பு. தலைப்பை மாற்றுங்கள்.

என் கதை சின்னது. நெட்டில் அந்த ஃபைலை மட்டும் இலவசமாகத் தரும் தளம் ஒன்றில் இறக்கி விண்டோஸின் சிஸ்டம்32 ஃபோல்டரில் போட்டேன். பெட்டி மறுபடி வந்தது, பெயர் மட்டும் விசிரன்டைம்140 என்று மாறியிருந்தது. அதையும் இறக்கினேன். அடுத்து விசிரன்டைம்140_1. ராத்திரி ஒரு மணிக்கு ஒருவழியாகப் பெயர் கேட்பது நின்றது, அதற்குப் பதில் 0xc000007b என்று ஓர் எண் வந்தது. பெயர் கேட்டபோதாவது எதைத் தேடுவது என்று தெரிந்தது.

மில்_கணக்கு

எனக்கு நடந்தது வேறு மாதிரி. ஃபைல் காணாமலே போகவில்லை.

அரிசி மில். காலையில் பில் போட்ட சாஃப்ட்வேர் மதியம் திறக்கவில்லை. டிஎல்எல் இல்லையாம். லோடு ஏற்றிய லாரி வாசலில் நிற்கிறது, பில் இல்லாமல் கிளம்பாது. டிரைவர் அரை மணிக்கு ஒரு தரம் வந்து கண்ணாடி வழியாக எட்டிப் பார்க்கிறார். சாஃப்ட்வேரை எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். இரண்டு நிமிஷம் ஓடியது, அப்புறம் அதே பெட்டி. இரண்டாவது தடவை ஃபோல்டரைத் திறந்து வைத்துக்கொண்டு போட்டேன். என் கண் முன்னால் அந்த ஃபைல் வந்தது, அப்படியே மறைந்தது. அப்போதுதான் உறைத்தது. ஆன்டிவைரஸைத் திறந்தால் சந்தேகப்பட்ட ஃபைல்களை அடைத்து வைக்கும் குவாரன்டைனில் மூன்று காப்பியும் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போன் போட்டு அது அவர்கள் ஃபைல்தான் என்று உறுதி செய்துகொண்டு மீட்டேன். லாரி போகும்போது மணி ஆறு.

அரட்டை_அண்ணாச்சி

எனக்கும் ஒருமுறை வந்தது, பழைய கேம் ஒன்றில், டி3டிஎக்ஸ்9_43. டைரக்ட்எக்ஸ் 2010 ஜூன் பேக்கேஜைப் போட்டதும் போய்விட்டது. அதை விடுங்கள். இளைய தலைமுறைக்காக முறையாகச் சொல்லி வைக்கிறேன்.

டிஎல்எல் என்பது கல்யாண மண்டபத்து அண்டா மாதிரி. ஒவ்வொரு வீட்டுக்காரரும் தனித்தனியாக வாங்குவதில்லை, ஒன்றை எல்லோரும் எடுத்துப் புழங்குகிறார்கள். யாராவது தூக்கிக்கொண்டு போனாலோ, வேறு அளவு அண்டாவை வைத்துவிட்டுப் போனாலோ அடுத்த வீட்டு விசேஷம் கெட்டது. அந்தக் காலத்தில் டிஎல்எல் நரகம் என்றே பெயர் வைத்திருந்தார்கள். எக்ஸ்பி வந்த 2001-லிருந்து ஒரே டிஎல்எல்லின் பல பதிப்புகளை வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வழி செய்தார்கள். பெட்டி வந்தால் முதலில் பெயரைப் பாருங்கள். எம்எஸ்விசிபி, விசிரன்டைம், பின்னால் 140 என்றால் விஷுவல் சி பிளஸ் பிளஸ் 2015-லிருந்து 2022 வரைக்கும் சேர்த்து வரும் ஒரே பேக்கேஜ், மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே கிடைக்கும். ஏபிஐ-எம்எஸ்-வின்-சிஆர்டி என்று நீளமாக ஆரம்பித்தால் விண்டோஸ் 7-ல் கேபி2999226 அப்டேட் இல்லை என்று அர்த்தம். விண்டோஸின் சொந்த ஃபைல் என்றால் அட்மினாக கமாண்ட் பிராம்ப்ட் திறந்து விண்டோஸ் ஃபைல்களைச் சரிபார்த்துச் சீராக்கும் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் ஓட்டுங்கள், அதற்கும் மசியாவிட்டால் அதே மாதிரி இன்னொரு கருவியான டிஐஎஸ்எம். எதற்கும் ஒரு தடவை ரெக்எஸ்விஆர்32 கமாண்ட் கொடுத்து டிஎல்எல்லை விண்டோஸில் ரெஜிஸ்டர் செய்துவிடுங்கள். காலையில் வெறும் வயிற்றில் வெந்நீர் குடிப்பது மாதிரி, கெடுதல் கிடையாது.

முனை_மழுங்கி

அண்ணாச்சி, கடைசி வரி தவிர எல்லாம் சரி. ரெக்எஸ்விஆர்32 எல்லா டிஎல்எல்லுக்கும் ஆகாது. தன்னைத் தானே ரெஜிஸ்டர் செய்துகொள்ளும் ஃபங்ஷன் உள்ளே இருந்தால்தான் வேலை செய்யும். எம்எஸ்விசிபி140-க்குக் கொடுத்தால் அந்த ஃபங்ஷன், டிஎல்எல்ரெஜிஸ்டர்சர்வர், இல்லை என்று இன்னொரு பெட்டி வரும், அவ்வளவுதான். பழைய விஷுவல் பேசிக் 6 காலத்து ஓசிஎக்ஸ் ஃபைல்களுக்கு அது சரி.

ராஜாவுக்கு வந்த எண் பெரும்பாலும் 32 பிட்டும் 64 பிட்டும் கலந்துபோனதால் வருவது. 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32 ஃபோல்டரில் இருப்பவை 64 பிட் டிஎல்எல்கள், சிஸ்வாவ்64-ல் இருப்பவை 32 பிட். பெயர் வைத்தவர்கள் நன்றாக இருக்கட்டும். என் நண்பன் இதே குழப்பத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து தப்பாகவே யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன்.

கறுப்புத்திரை

லினக்ஸ்காரர்கள் சிரிக்க வேண்டாம், இங்கே டிஎல்எல்லுக்குப் பெயர் எஸ்ஓ. உபுண்டு 22.04 என்ற லினக்ஸில் ஒரு பழைய புரோகிராம் லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1 கேட்டது. அது ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற பாதுகாப்பு லைப்ரரியின் 1.1 பதிப்பு, அந்த உபுண்டுவோ 3-க்கு மாறிவிட்டது. இருந்த 3-க்கு 1.1 என்று ஒரு சிம்லிங்க் (இன்னொரு ஃபைலைச் சுட்டும் பெயர்) போட்டு ஏமாற்றப் பார்த்தேன். ஓப்பன்எஸ்எஸ்எல்_1_1_0 என்ற வெர்ஷன் உள்ளே இல்லையே என்று கேட்டது. சட்டையை மாற்றினாலும் ரேகை பார்த்துப் பிடித்துவிட்டது.

அதைவிட மோசமானது காலேஜ் லேப் சர்வர், உபுண்டு 20.04. லிங்க் ஒன்றைச் சுத்தம் செய்கிறேன் என்று லிப்சி.எஸ்ஓ.6-ஐ அழித்துவிட்டேன். ஃபைல் பட்டியல் காட்டும் எல்எஸ் கமாண்ட் அடித்தால் லிப்சி இல்லை என்றது. காப்பி எடுக்கும் சிபி ஓடவில்லை, அட்மின் உரிமை தரும் சுடோவும் ஓடவில்லை. கிட்டத்தட்ட எல்லாமே லிப்சி மேல்தான் ஓடுகிறது. கை சில்லிட்டுவிட்டது. ரூட்டாக, அதாவது முழு உரிமையோடு, திறந்த டெர்மினல் ஒன்று மட்டும் உயிரோடு இருந்தது, அதை மூடாததுதான் நான் செய்த ஒரே நல்ல காரியம். எக்கோ கமாண்ட் டெர்மினலில் ஓடும் ஷெல்லுக்குள்ளேயே இருப்பதால், எக்கோ போட்டு நட்சத்திரக் குறி அடித்தால் ஃபைல் பெயர்கள் வந்தன. அந்தக் கூட்டத்தில் லிப்சி-2.31.எஸ்ஓ அப்படியே இருந்தது. குறிப்பிட்ட லைப்ரரியை முதலில் ஏற்றச் சொல்லும் எல்டி_பிரீலோடில் அதைக் கொடுத்து லிங்கைத் திரும்பப் போட்டேன். அப்புறம் எல்எஸ் அடித்தபோது வந்த பட்டியலை முழுசாகப் படித்தேன், ஒவ்வொரு வரியாக.

பழைய_ஸ்பேனர்

ராஜா கேட்டது நியாயம்தான், மறுக்கவில்லை. மறுநாளே லேப்டாப்பைத் திரும்ப வாங்கி ரிகவரி சாஃப்ட்வேர் ஓட்டினேன். புது விண்டோஸ் மேலே எழுதியது போக மிச்சம்தான் கிடைத்தது. சில போட்டோக்களில் மேல்பாதி மட்டும், கீழே சாம்பல் நிறம். 600 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன், டீச்சர் வாங்கவில்லை.

சம்பந்தம் என்ன என்று கேட்டீர்களே. ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். ஃபார்மேட் முடிந்து விண்டோஸ் போட்டு, டிரைவர் எல்லாம் போட்டு, கடைசியில் அந்த எடிட்டரையும் போட்டு டபுள் கிளிக் செய்தேன்.

அதே பெட்டி. அதே 140.