குரங்கு தின்றது நாங்கள் தூவிய கடலை, தாளில் இருப்பது அத்திப்பழம். யாரிடம் போய்ச் சொல்வது?

அஸ்தம்பட்டி மலர் கேட்டது:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள். ஆய்வுத் துறையில் இருப்பவர்கள் பதில் சொன்னால் உதவியாக இருக்கும். எந்த நிறுவனம், யார் என்று மட்டும் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

எம்.எஸ்சி. விலங்கியல் முடித்துவிட்டு ஒரு திட்டத்தில் உதவியாளராக இருக்கிறேன். ஏற்காடு மலைப்பாதையில் இருக்கும் நாட்டுக்குரங்குகள் என்ன தின்கின்றன, எவ்வளவு நேரம் சாலையோரத்தில் இருக்கின்றன என்று பார்ப்பதுதான் வேலை. காலையில் அடிவாரத்திலிருந்து ஏறுவோம். ஒரு குரங்கைத் தேர்ந்தெடுத்து, குறித்த நேரம் முடியும்வரை அதை மட்டும் பார்த்து, அது செய்வதையெல்லாம் தாளில் குறிக்க வேண்டும். ஃபோகல் சாம்ப்ளிங் என்போம். ஜீன் ஆல்ட்மன் 1974-இல் எழுதிய கட்டுரையைப் படிக்காமல் இந்தத் துறைக்குள் யாரும் வர முடியாது, அந்த முறைதான். தாளில் தீனிக்கு இரண்டு கட்டம் உண்டு: ‘காட்டு உணவு’, ‘மனிதர் கொடுத்தது’. இந்த ஆய்வே அந்த இரண்டு கட்டத்தை நம்பித்தான் இருக்கிறது.

எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர், பிஎச்.டி. முடிக்கும் கட்டத்தில் இருக்கிறார். குரங்குகள் மரத்தின் மேலேயே இருந்தால் கேமராவில் சரியாகப் பதியாது என்று, வறுத்த கடலை வாங்கி வந்து கொண்டை ஊசி வளைவின் கைப்பிடிச் சுவரில் தூவுவார். தோலோடு இருக்கும் கடலை. ஒருநாள் காது கிழிந்த தாய்க்குரங்கு ஒன்று, குட்டி வயிற்றைக் கவ்விக்கொண்டிருக்க, இறங்கி வந்தது. இரண்டு கையாலும் அள்ளி வாய்க்குள் திணித்தது. கன்னப்பை இரண்டும் புடைத்துவிட்டன. சுவருக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து, புறங்கையால் கன்னத்தை அழுத்தி, ஒவ்வொன்றாக வாய்க்குக் கொண்டுவந்து, தோலைத் துப்பிவிட்டுத் தின்றது. அதே நேரம் சுவரிலிருந்து உருண்ட கடலையைப் பொறுக்க இன்னொரு குட்டி தார்ச் சாலைக்கே போய்விட்டது. மேலே இருந்து பஸ் இறங்கிக்கொண்டிருந்தது. டிரைவர் பிரேக் போட்டதால் பிழைத்தது.

அன்றைக்கு எழுதியது நான்தான். ‘மனிதர் கொடுத்தது, கடலை’ என்று குறித்தேன். பிறகு கம்ப்யூட்டரில் ஏற்ற உட்கார்ந்தபோது என் தாள் கோப்பில் இல்லை. அவர் கையெழுத்தில் வேறு தாள். காது கிழிந்த பெண், ‘காட்டு உணவு’, அத்திப்பழம்.

அதற்கப்புறம் மற்ற தாள்களையும் பார்த்தேன். மழையில் மண் சரிந்து பாதையை அடைத்திருந்தார்களே, அந்தத் தேதிகளிலும் காலை முதல் மாலை வரை பதிவு இருக்கிறது. குழுவில் யாரும் அப்போது மலை ஏறவில்லை என்றுதான் எனக்குத் தெரியும்.

கட்டுரையில் என் பேரும் வரப்போகிறது. அதைவிட எனக்கு வலிப்பது, இதன் அறிக்கை வனத்துறைக்குப் போகும். குரங்குகள் காட்டுப் பழம் தின்று நன்றாகத்தான் இருக்கின்றன என்று அட்டவணை சொன்னால், வண்டியை நிறுத்தி பிஸ்கட் போடுகிறவர்களை யார் தடுக்கப் போகிறார்கள்? அந்த வளைவில் குட்டிகள் அடிபட்டுச் செத்துக்கொண்டேதான் இருக்கும்.

வழிகாட்டியான பேராசிரியர் நல்லவர், ஆனால் அந்த மூத்தவரை முழுசாக நம்புகிறார். என் அனுபவச் சான்றிதழில் பேராசிரியர் கையெழுத்துதான் வேண்டும். அப்பா செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறையில் வேலை பார்த்துப் படிக்க வைத்தவர், இதை வீட்டில் சொல்லவும் முடியவில்லை. முதலில் யாரிடம் பேசுவது? என் பேரை எடுக்கச் சொல்லலாமா? கையில் என்ன இருந்தால் என் பேச்சை நம்புவார்கள்?

காட்டுவழி:

மலர், நானும் குரங்குகளோடு வெயிலில் நின்றவள்தான். முதலில் ஒன்று: உன் இடத்தில் நின்ற இளையவர்களால்தான் இந்தத் துறையின் இரண்டு பெரிய மோசடிகள் வெளியே வந்தன.

ஹார்வர்டில் மார்க் ஹவுசர் என்று பெரிய பேர் எடுத்த பேராசிரியர். ஒலிபெருக்கியில் ஓசை மாறும்போது குரங்கு தலையைத் திருப்புகிறதா என்று வீடியோ பார்த்துக் குறிக்கும் சோதனை. அவர் குறித்ததும் உதவியாளர் குறித்ததும் ஒத்துப்போகவில்லை. ஹவுசர் தான் குறித்ததையே எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஆய்வகத்துப் பிள்ளைகள் விடாமல் வீடியோவை மறுபடி பார்த்தார்கள், அப்புறம் பல்கலைக்கழகத்திடம் போனார்கள். 2007-இல் விசாரணை தொடங்கியது. 2010-இல் 8 குற்றங்களுக்கு அவரே பொறுப்பு என்று ஹார்வர்ட் சொன்னது. 2002-இல் வந்த டாமரின் குரங்குக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. 2011-இல் அவர் வேலையை விட்டார்.

இன்னொன்று சிலந்தி. ஜொனாதன் ப்ரூயிட் என்ற சிலந்தி ஆய்வாளர் கொடுத்த தரவை வைத்துக் கட்டுரை எழுதியவர் கேட் லஸ்கோவ்ஸ்கி. சிலந்தி மேல் காற்றை ஊதினால் அது சுருண்டுகொள்ளும், மறுபடி நகர எத்தனை நொடி என்று அளப்பார்கள். வெவ்வேறு சிலந்திகளுக்குத் தசமப் புள்ளிவரை ஒரே எண் திரும்பத் திரும்ப வந்திருந்தது. அவர் தன் பேர் இருந்த கட்டுரையைத் தானே திரும்பப் பெறக் கேட்டார், 2020 தொடக்கத்தில் எல்லாவற்றையும் வெளிப்படையாக எழுதினார். அதனால் அவருக்கு மரியாதை கூடியதே தவிர குறையவில்லை.

இரண்டிலும் ஜெயித்தது மூலத் தரவு. அதனால் நீ செய்ய வேண்டியது: களக் குறிப்பேடு உன்னிடம் இருந்தால் தேதி தெரிகிற மாதிரி ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து வை. கேமரா கோப்புகளில் நேரம் பதிந்திருக்கும், அதில் கை வைக்காதே, பேர்கூட மாற்றாதே. வீடியோவை வெளியாள் யாருக்கும் அனுப்பாதே, அது திட்டத்தின் சொத்து, பழி உன் மேல் திரும்பும். அப்புறம் பேராசிரியரிடம் போய், “சார், இந்தத் தேதி வீடியோவும் தாளும் ஒத்துப்போகவில்லை, வேறொருவரை வைத்து மறுபடி குறிக்கலாமா?” என்று கேள். மோசடி என்ற வார்த்தை உன் வாயிலிருந்து வர வேண்டாம். இரண்டு பேர் தனித்தனியாகக் குறித்து ஒப்பிடுவது எந்த நல்ல ஆய்விலும் செய்வதுதான், அதற்கு யாரும் கோபப்பட முடியாது.

ஆத்தூர் வாத்தியார்:

தங்கச்சி, கல்லூரியில் பாடம் நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். நீ தற்காலிக ஊழியர், அவர்கள் நிரந்தரம். புகார் கொடுத்தவர்களை எந்தக் குழுவும் காப்பாற்றி நான் பார்த்ததில்லை. சான்றிதழை வாங்கு, மரியாதையாக விலகு, கட்டுரையில் பேர் வேண்டாம் என்று ஒரு மெயில் போடு. அப்பாவின் உழைப்பையும் நினைத்துப் பார்.

மலைக்காப்பி:

சேர்வராயன் மலைக்காரன் நான், எஸ்டேட் பக்கம். பாதை அடைத்தது உண்மை. ஆனால் அம்மிணி, ஒரு விஷயம் யோசிக்கணும். அடிவாரப் பாதையை அடைத்தால் வண்டிகள் குப்பனூர் வழியாக ஏறும். அவர் அப்படி மேலே வந்து, ஏற்காட்டிலிருந்து கீழே இறங்கிப் பார்த்தேன் என்று சொல்லிவிட்டால்? சரிவு எந்த வளைவில், அந்தக் குரங்குக் கூட்டம் அதற்கு மேலேயா கீழேயா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தெரியாமல் அதைப் பெரிய ஆதாரமாக வைத்தால் முழுப் புகாரும் படுத்துவிடும்.

கடலை விஷயத்தில் எனக்கும் வயிறு எரிகிறது. முன்பெல்லாம் குரங்கு காட்டுக்குள் திரியும், எங்கள் பலாவுக்குப் பருவத்தில் மட்டும் வரும். இப்போது கார் சத்தம் கேட்டாலே சுவருக்கு வந்துவிடுகிறது. படித்தவர்களும் போட்டால் யாரிடம் சொல்வது?

கோப்பு எண்:

சட்ட திட்டம் பற்றி மட்டும். யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிமுறை எழுத்துத் திருட்டுக்கானது. மற்றவர் எழுத்தோடு 10 சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போனால் என்ன தண்டனை என்றெல்லாம் அதில் இருக்கும், ஆனால் இல்லாத தரவை உண்டாக்கினால் என்ன செய்வது என்று இருக்காது. அதைக் காட்டிப் புகார் எழுதாதீர்கள், “இது எங்கள் வரம்பில் இல்லை” என்று முடித்துவிடுவார்கள். அதே யு.ஜி.சி. 2019 இறுதியில் பிஎச்.டி. மாணவர்களுக்கு ஆய்வு நெறி பற்றி 2 கிரெடிட் பாடத்தைக் கட்டாயமாக்கியது. தரவைப் புனைவது, திரிப்பது இரண்டும் அந்தப் பாடத்திலேயே வருகின்றன. ‘தெரியாமல் செய்துவிட்டேன்’ என்று அந்த மூத்தவர் சொல்ல முடியாது.

இன்னொன்று, வனத்துறை அனுமதிக் கடிதத்தை வாங்கிப் படியுங்கள். தீனி போடக்கூடாது என்று நிபந்தனை இருந்தால், கடலை தூவியது தனிக் குற்றம், அதற்குத் தரவைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. கட்டுரை அனுப்பப்பட்டுவிட்டால் இதழின் ஆசிரியருக்கு நீங்களே எழுதலாம். கட்டுரை எழுதியவர்கள் பட்டியலில் உங்கள் சம்மதம் இல்லாமல் உங்கள் பேரைப் போட முடியாது.

அஸ்தம்பட்டி மலர்:

எல்லோருக்கும் நன்றி. வாத்தியார் சாருக்கு முதலில் பதில் சொல்கிறேன். என் மேல் அக்கறையில்தான் சொல்கிறீர்கள் என்று தெரியும் சார். ஆனால் நான் பேரை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் அட்டவணை அப்படியே இருக்கும், என் இடத்துக்கு வருகிற அடுத்த பெண் கையில் கடலைப் பொட்டலத்தைக் கொடுப்பார்கள். அதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அப்பாவிடம் நேற்று ராத்திரி சொல்லிவிட்டேன். வெள்ளியில் கலப்படம் செய்கிற பட்டறையில் ஒருநாளும் நின்றதில்லை என்றார், வேறு எதுவும் சொல்லவில்லை.

மலைக்காப்பி அண்ணா, விசாரித்தேன். சரிவுக்கு மேலே ஒரு கூட்டம் உண்டு, அதனால் அந்தத் தேதிகளில் பாதியை அவர் நியாயப்படுத்த முடியும். கீழ்க் கூட்டத்தின் தாள்களை மட்டும் எடுத்து வைக்கிறேன். காது கிழிந்தது கீழ்க் கூட்டம்தான்.

காட்டுவழி அக்கா, என் குறிப்பேடு என்னிடமே இருக்கிறது. கடலை நாளின் பக்கத்தில் பஸ் வந்த நேரம்கூட எழுதியிருக்கிறேன், வீடியோவில் அந்த ஹாரன் கேட்கும். பேராசிரியரிடம் திங்கட்கிழமை நேரம் கேட்டிருக்கிறேன். நீங்கள் சொன்ன மாதிரி மறுபடி குறிக்கலாமா என்றுதான் தொடங்கப் போகிறேன். மறுத்தால் துறைத் தலைவருக்கு எழுத்தில் கொடுப்பேன், அனுமதிக் கடிதத்தின் நகலையும் இணைப்பேன். இப்போது எனக்குத் தேவை ஒன்றுதான்: வீடியோவை மறுபடி குறிப்பவருக்கு எந்தத் தாள் யாருடையது என்று தெரியக்கூடாது. தேதியையும் கோப்புப் பேரையும் மறைத்துக் கொடுப்பதை நீங்கள் எப்படிச் செய்வீர்கள்? திங்களுக்குள் சொன்னால் அதையும் எழுதி எடுத்துக்கொண்டு போவேன்.

காட்டுவழி:

மூலக் கோப்பைத் தொடாமல் நகல் எடு. நகல்களுக்குச் சீட்டுக் குலுக்கி எண் போடு. எந்த எண் எந்தக் கோப்பு என்ற பட்டியல் பேராசிரியரிடம் மட்டும் இருக்கட்டும், உன்னிடமும் வேண்டாம். குறிப்பவர் குரங்கு ஆய்வே செய்யாத ஆளாக இருந்தாலும் பரவாயில்லை, கடலைக்கும் அத்திப்பழத்திற்கும் வித்தியாசம் தெரிந்தால் போதும்.