பைபர் பாடியில் அதே இடத்தில் மறுபடி விரிசல்

இங்கிலாந்தின் லெஸ்டரில் வீட்டு கராஜில் 1969 ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரின் சேஸியைக் குறுக்கி, அதன்மேல் பழைய பைபர்கிளாஸ் பக்கி (கூரையில்லாத கடற்கரை வண்டி) பாடியை ஏற்றியிருக்கிறேன். பின்பக்க போல்ட் ஓட்டைகளைச் சுற்றி ஜெல்கோட்டில் (பைபர்கிளாஸின் வெளிப்பக்க வழவழப்புப் பூச்சு) நட்சத்திரம் மாதிரி மெல்லிய விரிசல், வீட்டுச் சந்தில் கொஞ்சம் ஓட்டினாலே வந்துவிடுகிறது. ஜனவரியில் விரிசலைத் தோண்டி ஃபில்லர் வைத்தேன், நிற்கவில்லை. அப்புறம் உள்பக்கம் பெயின்டைச் சுரண்டி, அசிட்டோனால் துடைத்து, சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள கண்ணாடியிழை மேட் இரண்டு அடுக்கு பாலியெஸ்டர் ரெசினில் ஒட்டினேன் (ஹார்டனர் 2 சதவீதம், ஹீட்டர் போட்டு 18 டிகிரி, இந்தக் குளிரில் அதற்கே படாதபாடு). நன்றாக இறுகி, தட்டினால் கணீரென்கிறது, ஆனாலும் ஏப்ரலில் மறுபடி அதே விரிசல். போல்ட் 8 மில்லி, சாதாரண வாஷர், பாடிக்கும் சேஸிக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. இன்னும் மேட் ஒட்டித் தடிப்பாக்குவதா, இல்லை நடுவில் ரப்பர் பட்டை கொடுத்து அகல வாஷர் போடுவதா, எதை முதலில் செய்யலாம்?