பொருள்: ‘பெர்மனென்ட் வில்டிங் பாயின்ட்’ – தமிழில் எது?

அன்பு நண்பர்களுக்கு,

காய்கறிப் பாசனக் கையேடு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் சிக்கி நிற்கிறது. ஃபீல்டு கெபாசிட்டிக்கு, அதாவது மிகைநீர் வடிந்தபின் மண்ணில் நிற்கும் நீரளவுக்கு, ‘வயல் கொள்திறன்’ போட்டாயிற்று. பெர்மனென்ட் வில்டிங் பாயின்ட்டுக்கு, அதாவது வாடிய செடி தண்ணீர் விடாமல் நிமிராத அளவுக்கு மண் காய்ந்த நிலைக்கு, ‘நிரந்தர வாடல் புள்ளி’ என்பதே வழக்கம். ஆனால் தக்காளி, கத்தரி போடுகிறவருக்கு வாடல் என்றால் வாடல் நோய். அதில் தண்டின் நீர்க்குழாய் அடைபட்டு, மண் ஈரமாக இருக்கும்போதே செடி தொங்கும். பாக்டீரியா வாடலுக்குத் தண்ணீர் திறந்துவிட்டால் பாத்தி பாத்தியாகப் பரவும்.

கணக்கு இது: களிமண்ணில் ஒரு மீட்டர் ஆழத்துக்குக் கொள்திறன் 360 மி.மீ., வாடல் புள்ளி 220. இடையிலுள்ள 140தான் செடிக்கு. வேர் 30 செ.மீ. என்றால் 42. தக்காளிக்கு அதில் 40 விழுக்காடு, சுமார் 17 மி.மீ., குறைந்ததும் பாய்ச்ச வேண்டும். நாளுக்கு 5 மி.மீ. செலவானால் மூன்று நாளுக்கு ஒரு தண்ணீர்.

—

> வாடல் என்றால் வாடல் நோய்

‘உணங்கல் புள்ளி’ என்று வையுங்கள். குறள் 1037-இல் ‘தொடிப்புழுதி கஃசா உணக்கின்’ என்று வருகிறது. ஒரு பலப் புழுதி கால் பலமாகக் காய்வது. மண்ணீரத்தை எடையால் சொன்ன இடம் வேறெங்கே? மலையாளத்தில் இன்றும் அன்றாடச் சொல். ‘வாடு’வுக்கு அந்த ஆழம் இல்லை; வாடைக்காற்றின் வறட்சியிலிருந்து கிளைத்த சொல்லாகவே எனக்குப் படுகிறது.

—

ஐயா, வாடை ‘வட’ என்ற திசையடியில் பிறந்தது. கொண்டல் கிழக்கு, தென்றல் தெற்கு, கோடை மேற்கு, வாடை வடக்கு. வாடுதலோடு ஒட்டாது.

உணங்கல் அழகான சொல், ஆனால் தமிழ்நாட்டில் நடவு வயலில் நிற்பவருக்கு விளங்காது. விளங்காத சொல்லை அச்சடித்து யாருக்குக் கொடுப்பது? ‘வதங்கல்’ எல்லோருக்கும் தெரியும்.

—

வதக்குவது அடுப்படியில், சூட்டில். செடி தொங்குவது இலைச் செல்களின் விறைப்பு போய்விடுவதால். ‘துவளல்’ பொருந்தும், ஆனால் அது பகல் துவளலுக்கே. பூசணி இலை நண்பகலில் துவண்டு மாலையில் நிமிரும். மண்ணில் நீர் இருக்கும்; வேர் உறிஞ்சுவதைவிட இலை விடுவது அதிகம், அவ்வளவுதான்.

‘நிரந்தர’ என்பதும் தவறாகவே படிக்கப்படுகிறது. மாணவர்கள் செடி செத்துவிட்டது என்று எழுதுகிறார்கள். தண்ணீர் விட்டால் பிழைக்கும். 1912-இல் அமெரிக்காவில் பிரிக்ஸ், ஷான்ட்ஸ் என்ற ஆய்வாளர்கள் அளந்தது மண்ணைத்தான். செடி மாறினால் அளவு அதிகம் மாறவில்லை, மண் மாறினால் மாறியது. பின்னால் சூரியகாந்தி நாற்று பொதுச் செடியாயிற்று: டப்பாவில் வளர்த்து, மேல்மண்ணை மூடி, தொங்கியதும் ஈரமான இருட்டறையில் இரவு முழுக்க வைப்பார்கள். காலையிலும் நிமிராவிட்டால் அந்த மண்ணை 105 டிகிரியில் உலர்த்தி எடை பார்ப்பார்கள். இன்று 15 பார் அழுத்தத் தட்டில் வைத்து அளக்கிறோம். மண் நீரைப் பிடித்து வைக்கும் இழுவையைக் காட்ட வயலில் நட்டிருக்கும் டென்சியோமீட்டர் 0.8 பார் அளவிலேயே காற்று புகுந்து நின்றுவிடும். இந்த இடத்தை அது காட்டாது.

சோதனையே பெயரைச் சொல்கிறது: ‘விடியல் வாட்டம்’. காலை ஆறு மணிக்கு இலை தொங்கினால் அது.

—

> விடியல் வாட்டம்

பாசன நூலில் ‘வாட்டம்’ வேண்டாம். வாய்க்காலுக்கு வாட்டம் விடுவது என்றால் சரிவு. அதே கையேட்டின் நாலாம் பக்கத்தில் ‘நூறு அடிக்கு அரை அடி வாட்டம்’ என்று இருக்கிறது! மேலும் நோய்ச்செடியும் விடியலில் தொங்கும். அதனால் மண்ணைத் தோண்டிப் பார்க்கும் வரியும் கூடவே வர வேண்டும்.

‘புள்ளி’யையும் விடுங்கள். செடி ஒரே நொடியில் அங்கே போய் விழுவதில்லை. வேர் வறண்டதுமே அப்சிசிக் அமிலம் என்ற செடி ஹார்மோன் கூடும், இலைத்துளையை ஒட்டிய காப்புச் செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியேறும், இலைத்துளை மூடும்; மாவு கட்டுவது குறைந்து மகசூல் அப்போதே இறங்கத் தொடங்கிவிடும். ‘எல்லை’ என்பதே சரி.

—

அனைவருக்கும் நன்றி. நேரமில்லை. அட்டவணையில் ‘வாடல் எல்லை’. உரையில் முதல் முறை வரும்போது: “விடியற்காலையிலும் இலை நிமிராத அளவுக்கு மண் காய்ந்த நிலை. ஒரு சாண் ஆழத்தில் மண்ணை எடுத்துப் பாருங்கள். ஈரமாக இருந்தால் இது நோய், தண்ணீர் விடாதீர்கள்.” நால்வர் இசைந்திருக்கிறார்கள்.

—

நான் இசையவில்லை. வாடுவது செடி, அளவு மண்ணுடையது. மண்ணின் அளவுக்குச் செடியின் பெயரை வைத்ததால்தான் இந்த விளக்கமே தேவைப்படுகிறது. அடுத்த பதிப்பில் ‘உணங்கல் எல்லை’யை அடைப்புக்குள்ளாவது சேருங்கள்.