பொருள்: கறுப்பு வால்நட் மரத்துக்கு ‘அரைவளையத்துளை’ பொருந்துமா?

> மரவேலைச் சொற்பட்டியலில் கறுப்பு வால்நட்டின் துளையமைப்பை (semi-ring-porous) ‘அரைவளையத்துளை’ என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?

அன்புள்ள ஐயா,

எனக்கு உடன்பாடில்லை. இந்தச் சொல்லை நம்பிப் பலகையைப் பார்ப்பவர் அரைவட்டத்தைத் தேடுவார். அங்கே இருப்பதோ முழு வளையம்.

உங்கள் மடலைப் படித்ததும் ஒரு துண்டின் குறுக்குவெட்டைக் கூரான உளியால் சீவி, நீர் தடவி, பத்து மடங்கு உருப்பெருக்கியில் பார்த்தேன். ஆண்டு வளையம் தொடங்குமிடத்தில் துளைகள், அதாவது மரத்தில் நீர் கடத்தும் குழாய்களின் வெட்டுவாய்கள், பெரியவை. போகப் போகச் சின்னதாகிக்கொண்டே வந்து, அடுத்த வளையத்தில் மறுபடி பெரிதாகின்றன. வெள்ளை ஓக்கில் பெரிய துளைகள் அணிவகுத்து நின்று, சட்டென்று நுண்துளைகளாக மாறிவிடும், அது வளையத்துளை. மேப்பிளில் வளையம் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவு, அது பரவுதுளை. வால்நட்டில் நடப்பது படிப்படியான குறைவு. பெயர் அதைச் சொல்லட்டும்: ‘குறுகுதுளை’. பரவுதுளை போலவே வினைத்தொகை.

நிறத்தை நம்ப முடியாததால்தான் இவ்வளவு வலியுறுத்துகிறேன். வேறு மரத்துக்குச் சாயமேற்றலாம். வால்நட்டிலேயே வைரத்தை, அதாவது கருநிற நடுமரத்தை, சுற்றியுள்ள வெளிர்பகுதியை நீராவியில் வைத்துப் பழுப்பாக்குகிறார்கள். சாக்லேட் நிற வைரமும் வெளிச்சம் பட்டு ஆண்டுக்கணக்கில் வெளிறும். துளைகளின் ஒழுங்கு மட்டும் மாறாது.

> ‘குறுகு’ என்றால் ஒரே துளை புனல்போல் ஒடுங்குவதாகத் தோன்றுகிறது. தவிர, பட்டர்நட்டுக்கும் இதே அமைப்புதானே?

புனல் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி, எனக்குத் தோன்றவில்லை. அப்படியானால் ‘சிறுகுதுளை’ என்போம். ‘சிறுகக் கட்டிப் பெருக வாழ்’ என்பதில் வரும் அதே சிறுகு. அளவு குறைவதை மட்டும் சொல்கிறது.

பட்டர்நட்டும் சிறுகுதுளை மரம்தான், வால்நட்டின் உறவு. கையில் எடுத்தாலே வேறுபாடு தெரியும்: உலர்ந்த கறுப்பு வால்நட் கன மீட்டருக்கு ஏறத்தாழ 610 கிலோ, பட்டர்நட் 435 கிலோதான், நிறமும் வெளிர், நகம் பதியும் அளவுக்கு மென்மை.

பட்டியலுக்கு என் வரைவு:

சிறுகுதுளை மரம்: ஆண்டு வளையத்தின் தொடக்கத்தில் பெரிதாக இருக்கும் துளைகள் முடிவை நோக்கிப் படிப்படியாகச் சிறுத்துவரும் மரம். எ.கா. கறுப்பு வால்நட். கண்ணாடிபோன்ற மெருகு வேண்டுமானால் முதலில் மக்கு பூசித் துளைகளை அடைக்க வேண்டும்.