கிளெய்ம் நேரத்தில் இழுத்தடிக்காத கார் இன்சூரன்ஸ் கம்பெனியை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஏரிக்கரை_வேளச்சேரி கேட்டது:
1200 சிசி பெட்ரோல் ஹேட்ச்பேக். வாங்கி 3 வருடம் முடிகிறது, ஷோரூமில் போட்ட 3 வருட தேர்ட் பார்ட்டியும் (நம் வண்டியால் மற்றவருக்கு ஆகும் சேதத்துக்கான பாலிசி) சேர்ந்து முடிகிறது. மூன்று கம்பெனியில் கொட்டேஷன் வாங்கியாச்சு. மூன்றிலும் 'கிளெய்ம் செட்டில்மென்ட் 98%' என்றுதான் போட்டிருக்கிறது. பிரீமியம் ஆயிரம் ரெண்டாயிரம் கூடினாலும் பரவாயில்லை, அடிபட்ட பிறகு அலைய விடக்கூடாது. மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் ஏறும் ஏரியா. எதைப் பார்த்து முடிவு செய்வது?

பாலிசிப்பித்தன்:
அந்த 98% எண்ணிக்கைக் கணக்கு. 40,000 ரூபாய் பில்லுக்கு 22,000 கொடுத்தாலும் அது 'செட்டில்' ஆன கிளெய்ம்தான். அதை வைத்து ஒன்றும் தெரியாது.

ஒவ்வொரு கம்பெனியின் தளத்திலும் 'பப்ளிக் டிஸ்க்ளோஷர்' என்று ஒரு பகுதி உண்டு. அதில் என்.எல். 37 படிவத்தைத் திறந்து, மோட்டார் ஓ.டி. (ஓன் டேமேஜ், சொந்த வண்டி சேதம்) பத்தியை மட்டும் பாருங்கள். எத்தனை கிளெய்ம் வந்தது, எத்தனை நிராகரித்தார்கள், எத்தனை 3 மாதத்துக்கு மேல் கிடக்கிறது என்று இருக்கும். சொந்த வண்டி சேத கிளெய்ம் 6 மாதம் தாண்டி நிறைய தேங்கியிருந்தால் அந்தக் கம்பெனியை யோசித்துக்கொள்ளுங்கள். தேர்ட் பார்ட்டி பத்தியில் தேக்கம் இருப்பது சகஜம், அது கோர்ட் விவகாரம்.

என்.எல். 45-இல் 10,000 கிளெய்முக்கு எத்தனை புகார் என்று இருக்கும். ஒரு எச்சரிக்கை: அதில் மெடிக்கல் பாலிசி புகாரும் கலந்திருக்கும். ஹெல்த் வியாபாரம் அதிகம் செய்கிற கம்பெனி அதில் மோசமாகத் தெரியும், காருக்கு நன்றாகவே செய்பவர்களாக இருக்கலாம்.

டிங்கர்_கணக்கு:
பித்தன் சார் சொன்னது சரி. ஆனா பாதிப் பேர் கம்பெனி ஏமாத்திட்டான்னு சொல்றது, பாலிசியிலேயே எழுதியிருக்கிற கழிவுதான் (பார்ட் பழசானதுக்காகக் குறைக்கறது மாதிரி). உங்க வண்டி நாலாவது வருஷத்துல ஓடுறப்போ முன்பக்கம் இடிச்சதுன்னு வைங்க:

பம்பர், கிரில் (பிளாஸ்டிக்) 8,000: பாதி கழிவு, உங்க கையிலிருந்து 4,000.
பானெட், ஃபெண்டர் (இரும்பு) 12,000: 3 முதல் 4 வருஷ வண்டிக்கு 25%, அதாவது 3,000.
பெயின்டிங் 16,000: அதுல கால்பங்கு பெயின்ட் பொருள்னு எடுத்து, அதுல பாதி கழிப்பாங்க. 2,000.
கிரீஸ், கூலன்ட், கிளிப், நட்டு போல்ட்டு 1,200: முழுசும் உங்க தலையில.
கட்டாயக் கழிவு (ஒவ்வொரு கிளெய்முக்கும் நீங்க போட்டாகணும்) 1,000 (1500 சிசிக்கு மேல போனா 2,000).
லேபர் 6,000-க்கும் கண்ணாடிக்கும் கழிவு கிடையாது.

மொத்த பில் 43,200, நீங்க கட்டுறது 11,200. ஜீரோ டெப் (பழசானதுக்குக் கழிக்காத ஆட்-ஆன், அதாவது கூடுதல் கவர்) இருந்தா 2,200. கன்ஸ்யூமபிள்ஸ் (கிரீஸ், கூலன்ட் மாதிரி) கவரும் சேர்த்துப் போட்டா வெறும் 1,000. ஜீரோ டெப் வருஷத்துக்கு எத்தனை கிளெய்முக்கு, எத்தனை வயசு வண்டி வரைக்கும்னு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பாதி கம்பெனியை அங்கேயே கழிச்சுடலாம்.

'வாலன்டரி டிடக்டிபிள்' (கிளெய்ம்ல இவ்வளவு நானே போட்டுக்கறேன்னு ஒத்துக்கறது) டிக் ஆகியிருக்கான்னும் பாருங்க. 2,500 போட்டா, எல்லாக் கம்பெனிக்கும் பொதுவா இருந்த பழைய டாரிஃப் கணக்குல தள்ளுபடி அதிகபட்சம் 750 தான். விலை குறைச்சுக் காட்டறதுக்கு ஐ.டி.வி.யை (பாலிசியில வண்டிக்குப் போட்ட மதிப்பு) குறைக்கறதும் உண்டு. ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில 75% தாண்டினா டோட்டல் லாஸ் (வண்டியே போச்சுன்னு கணக்கு). அப்போ கையில வர்றது அந்தக் குறைஞ்ச தொகைதான்.

வெள்ளம்_2015:
வேளச்சேரி என்றால் இன்ஜின் புரொடெக்ட் (இன்ஜின் சேதத்துக்கான ஆட்-ஆன்) இல்லாமல் எடுக்காதீர்கள். சாதா பாலிசி வெள்ளத்தில் நனைந்த சீட், வயரிங்குக்குக் கொடுக்கும். சிலிண்டரில் தண்ணீர் புகுந்த பிறகு ஸ்டார்ட் செய்து கனெக்டிங் ராடு வளைந்தால், 'தொடர் சேதம்' என்று தள்ளிவிடுவார்கள். தண்ணீரை அமுக்க முடியாது, பிஸ்டன் மேலே வரும்போது ராடுதான் வளையும். 2015-லும் 2023 மிக்ஜாம் மழையிலும் சண்டை வந்ததெல்லாம் இந்த இடத்தில்தான்.

ஆட்-ஆன் எடுத்தாலும் அதன் வாசகத்தைப் படியுங்கள். நின்ற தண்ணீரில் திரும்ப ஸ்டார்ட் செய்தால் கிடையாது என்று சிலர் எழுதியிருப்பார்கள். வீல் மூழ்கினால் சாவியைத் தொடாதீர்கள். தண்ணீர் மட்டம் தெரிய போட்டோ எடுங்கள், பேட்டரி நெகட்டிவை (எட்டினால்) கழற்றுங்கள், டோ வண்டியில் ஏற்றி அனுப்புங்கள்.

ஏரிக்கரை_வேளச்சேரி:
ரொம்ப நன்றி. 'எங்களிடம் பாலிசி போட்டால்தான் கேஷ்லெஸ்' என்று ஷோரூமில் சொல்கிறார்களே?

பாலிசிப்பித்தன்:
கேஷ்லெஸ் (ரிப்பேர் பில்லைக் கம்பெனியே நேராகக் கட்டுவது) என்பது கம்பெனிக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் உள்ள ஒப்பந்தம். பாலிசி யார் விற்றது என்பது அதில் சேராது. டீலர் தன்னிடமே வாங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் கூடாது. கம்பெனியின் தளத்தில் உங்கள் சர்வீஸ் சென்டர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே பாடி ஷாப் அட்வைசரிடம் 'எந்தக் கம்பெனி அப்ரூவல் சீக்கிரம் வருகிறது, எது சப்ளிமென்ட்ரி எஸ்டிமேட்டுக்கு நாள் கடத்துகிறது' என்று கேட்டால் உண்மை வரும். பிரித்துப் பார்த்த பிறகு கூடுதல் சேதம் தெரிவது வழக்கம், தாமதம் அங்கேதான்.

கம்பெனி மாறும்போது என்.சி.பி.யை (கிளெய்ம் எடுக்காத வருடங்களுக்கான பிரீமியம் தள்ளுபடி) சரியாகச் சொல்லுங்கள். கிளெய்ம் எடுத்த வருடத்துக்கும் தள்ளுபடி வாங்கியிருந்தால், பழைய கம்பெனியிடம் விசாரித்ததும் மாட்டிக்கொள்வீர்கள். பாலிசி முடிந்து 90 நாள் விட்டால் என்.சி.பி. போயே போச்சு.

டிங்கர்_கணக்கு:
இன்னொண்ணு. சர்வேயர் (சேதத்தை மதிப்பிடுறவர்) 24 மணி நேரத்துல நியமனம், 15 நாள்ல அறிக்கை, அறிக்கை வந்து 7 நாள்ல முடிவு, இதுதான் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. (இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம்) விதி. போன்ல சண்டை போடாம, சர்வே ரிப்போர்ட் காப்பியும் எந்த அயிட்டத்துல எவ்வளவு வெட்டினாங்கன்ற விவரமும் ஈமெயில்ல கேளுங்க. முதல்ல கம்பெனியோட குறைதீர் அதிகாரி, அப்புறம் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யோட புகார் தளமான பீமா பரோசா. 30 நாள்ல பதில் வரலைன்னாலோ, வந்த பதில் திருப்தியில்லைன்னாலோ சென்னை இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்) ஆபீஸ். கட்டணம் இல்ல, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரைக்கும் தீர்ப்பு சொல்வாங்க. கம்பெனி பதில் வந்த தேதியிலிருந்து ஒரு வருஷத்துக்குள்ள போயிடணும்.