நிழலுக்கு ஏற்ற செடி என்றுதான் நட்டேன், பாதிக்கு மேல் போய்விட்டது. எங்கே தப்பு?

நிழல்வாசி:
வணக்கம். வீட்டுக்குப் பின்னால் சின்னத் தோட்டம். பாதிக்கு மேல் ஒரு பெரிய மரத்தடி, மீதி பின்சுவரை ஒட்டி நீளமாக ஒரு பட்டை. நேர் வெயில் காலையில் ஒரு மணி நேரம் எட்டிப் பார்த்தாலே அதிகம். ஆண்டுக்கு இரண்டு தடவை பிடுங்கி நடும் வேலை எனக்கு ஒத்துவராது, ஒரு தடவை வைத்தால் பல வருடம் நிற்கிற செடிதான் வேண்டும் என்று தேடி, நிழலில் வளரும் என்று எல்லோரும் சொன்னதை மட்டுமே வாங்கினேன். மரத்தடியில் நான்கு பெரணி (ஃபெர்ன்), சுவரோரம் இரண்டு இசட்இசட் செடி (ZZ plant), ஒரு ஸ்நேக் பிளாண்ட். மூன்று மாதம்கூட ஆகவில்லை. பெரணி மூன்று அப்பளம் மாதிரி காய்ந்து நொறுங்கிவிட்டது, நான்காவது இழுத்துக்கொண்டிருக்கிறது. இசட்இசட் ஒன்று மஞ்சளாகிச் சாய்ந்துவிட்டது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு தண்ணீர்தான் ஊற்றுகிறேன். நிழல் ரொம்ப அதிகமோ? மரக்கிளையை வெட்டிவிடலாமா? இங்கே பனி உறைகிற குளிர் எல்லாம் கிடையாது.

மொட்டைமாடி:
ஹோஸ்டா வையுங்கள். நிழல் தோட்டம் என்று தேடினால் முதலில் வருவதே அதுதான், இலையே பூ மாதிரி இருக்கும்.

கிழங்குக்காரி:
அவர் பனி இல்லாத ஊர் என்கிறாரே. ஹோஸ்டா குளிர்காலத்தில் இலை உதிர்த்துச் சில வாரம் நல்ல குளிரில் உறங்கி எழ வேண்டிய செடி, அந்த உறக்கம் கிடைக்காவிட்டால் வருடத்துக்கு வருடம் சிறுத்துக்கொண்டே போகும். படத்தில் பார்க்கிற நிழல் தோட்டங்கள் பாதி குளிர்நாட்டுத் தோட்டங்கள். அஸ்டில்பி, ஹெல்லெபோர் என்கிற குளிர்நாட்டுப் பூச்செடிகளின் கதையும் இதேதான்.

நிழல்வாசி, கிளையை வெட்டும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். செத்த பெரணி ஒன்றையும் சாய்ந்த இசட்இசட்டையும் மண்ணோடு தோண்டி எடுத்து, வேர் எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். இலையைப் பார்த்து ஊகிப்பதைவிட அது மேல்.

நிழல்வாசி:
தோண்டிப் பார்த்தேன். பெரணி எடுத்ததுமே வந்துவிட்டது, வாங்கிய பையின் வடிவம் அப்படியே இருந்தது, வெளி மண்ணுக்குள் ஒரு வேர்கூடப் போகவில்லை. அதைவிட ஆச்சரியம், அந்த மண் உருண்டைக்குள் மரத்தின் நூல் நூலான வேர்கள் நாலா பக்கமும் புகுந்திருந்தன. தண்ணீர் ஊற்றி நான்கு மணி நேரம்தான் ஆகியிருந்தது, நடுவில் பொடியாகத் தூள் பறக்கிறது. இசட்இசட் நேர் எதிர். அடியில் உருளைக்கிழங்கு மாதிரி இருந்தது, விரல் பட்டதும் மெத்தென்று அமுங்கி ஒரு நாற்றம். சுவரோர மண் கையில் பிசைந்தால் உருண்டையாக நிற்கிறது.

கிழங்குக்காரி:
அப்படியென்றால் செடித் தேர்வில் பெரிய தப்பு இல்லை. இடத்தைத்தான் மாற்றி நட்டுவிட்டீர்கள். சிரிக்காமல் சொல்கிறேன், பெரணியைச் சுவரோரமும் இசட்இசட்டை மரத்தடியிலும் வைத்திருந்தால் இன்று இந்தக் கேள்வியே வந்திருக்காது.

நிழல் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம், உங்கள் தோட்டத்தில் இருப்பது இரண்டு வேறு நிழல். மரத்தடியில் உலர்ந்த நிழல். மேலே இலைக்குடை மழையைத் தடுக்கிறது, விழுகிற மிச்சத்தை மேல்மண்ணில் பரவியிருக்கும் வேர் உறிஞ்சிவிடுகிறது, நீங்கள் ஊற்றியதும் மரத்துக்குத்தான் போனது. சுவரோரத்தில் ஈர நிழல். வெயில் இல்லை, காற்றோட்டமும் குறைவு, ஊற்றின தண்ணீர் நாள்கணக்கில் அப்படியே நிற்கும். இசட்இசட் கிழக்கு ஆப்பிரிக்காவின் வறண்ட பகுதியிலிருந்து வந்தது, தண்ணீரைக் கிழங்கில் சேமித்து வைத்து மாதக்கணக்கில் தாங்கும். அதற்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் ஊற்றினால் அழுகாமல் என்ன செய்யும். பெரணிக்கோ வேர் காயவே கூடாது.

மண்வெட்டி:
அவங்க சொன்னது சரி. சுவரோரத்தில் நடும் முன் வடிகாலைப் பாருங்கள். 30 செ.மீ. ஆழத்துக்குக் குழி எடுத்து, தண்ணீர் நிரப்பி, அது வடிந்ததும் மறுபடி நிரப்பி, எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். ஒரு மணி நேரத்தில் 2 செ.மீ.கூட இறங்காவிட்டால் பெரணிக்கும் ஆபத்துதான், ஈரம் பிடிக்கும் என்றாலும் தேங்கிய தண்ணீரில் அதுவும் அழுகும். மட்கு உரம் நிறையக் கலந்து பாத்தியை ஒரு சாண் உயர்த்திவிடுங்கள். கூரைத் தண்ணீர்க் குழாய் அங்கே வந்து கொட்டுகிறதா என்றும் பாருங்கள், என் தோட்டத்தில் இரண்டு வருடம் மண்ணைத் திட்டிய பிறகுதான் குழாயைக் கண்டுபிடித்தேன்.

நிழல்வாசி:
குழாய் இருக்கிறது. சரியாக இசட்இசட்டின் தலைக்கு மேலே. வெட்கமாக இருக்கிறது.

சரி, மரத்தடியில் வேர் இவ்வளவு அடர்த்தியாக இருக்கிறதே, மேலே நல்ல மண்ணை ஒரு அடி கொட்டி அதில் நட்டுவிடலாமா?

மண்வெட்டி:
வேண்டவே வேண்டாம். மரத்தின் உறிஞ்சும் வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில்தான் இருக்கின்றன, அவற்றுக்குக் காற்று வேண்டும். ஒரு அடி மண்ணைக் கொட்டினால் மூச்சு முட்டும், அடிமரத்தை மண் தொட்டால் பட்டை அழுகும். கொட்டிய புது மண்ணுக்குள்ளும் கொஞ்ச நாளில் மரவேர் ஏறிவிடும், செலவுதான் மிச்சம்.

மண்வெட்டியால் வெட்டாமல் (என் பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்) கைக்கரண்டியால் வேர்களுக்கு நடுவே சின்னச் சின்னப் பொந்து தேடுங்கள். விரல் தடிமனுக்கு மேல் உள்ள வேர் வந்தால் விட்டுவிட்டு அரை அடி தள்ளிப் போங்கள். பெரிய செடி வாங்காதீர்கள், குட்டிச் செடிதான் அந்த இடுக்கில் பிடிக்கும். நடும் முன் வேர் உருண்டையை வாளித் தண்ணீரில் காற்றுக் குமிழி வருவது நிற்கும்வரை முக்கி எடுங்கள், உங்கள் பெரணி உருண்டை தண்ணீரையே ஏற்காத அளவுக்குக் காய்ந்திருந்தது என்று நினைக்கிறேன். மேலே 5 செ.மீ. காய்ந்த இலை மூடாக்கு, அடிமரத்தை விட்டு ஒரு சாண் தள்ளி. முதல் வருடம் மட்டும் கவனித்துத் தண்ணீர் ஊற்ற வேண்டும், உலர் நிழல் செடி என்றாலும் முதல் நாளே தானாக நிற்காது.

கிழங்குக்காரி:
என் பரிந்துரை. மரத்தடிக்கு ஆஸ்பிடிஸ்ட்ரா முதலில், அகன்று நீண்ட பச்சை இலைச் செடி. மெதுவாகத்தான் வளரும், பொறுமையைச் சோதிக்கும், ஆனால் பிடித்துவிட்டால் பல ஆண்டு அசையாது. தரை மூடப் புல் மாதிரி இலை உள்ள மாண்டோ புல், லிரியோபி. பூ வேண்டும் என்றால் கிளிவியா, தென்னாப்பிரிக்கச் செடி, ஆரஞ்சுப் பூ. வேர் நெருக்கத்தை அது பொருட்படுத்தாது, ஆனால் வருடத்தில் கொஞ்சக் காலம் குளுமையும் வறட்சியும் கிடைத்தால்தான் நன்றாகப் பூக்கும், அதனால் உறுதி சொல்ல மாட்டேன். மிச்சமிருக்கும் இசட்இசட், ஸ்நேக் பிளாண்ட் இரண்டும் மரத்தடிக்கே வரட்டும். சுவரோரத்துக்குப் பெரணி, பீஸ் லில்லி, காஸ்டஸ் (இஞ்சி மாதிரிச் செடி), அலோகேசியா (சேம்பு மாதிரி இலை).

வண்ண இலைக் காலடியம் அழகு, ஆனால் பருவம் முடிந்ததும் இலை முழுவதும் மறைந்து கிழங்கு மட்டும் மண்ணில் தூங்கும், செத்துவிட்டது என்று தோண்டிப் போட்டுவிடாதீர்கள். மணி பிளாண்ட்டை மட்டும் மரத்தடியில் விடாதீர்கள், தொட்டியில் சாதுவாக இருப்பது மரத்தில் ஏறினால் இலை முறம் அளவுக்குப் போகும்.

மொட்டைமாடி:
ஹோஸ்டா விஷயத்தில் தோற்றதால் ஒன்றாவது உருப்படியாகச் சொல்கிறேன். வீட்டில் குழந்தையோ நாயோ இருந்தால் பீஸ் லில்லி, அலோகேசியா, காலடியம், இசட்இசட் எல்லாவற்றிலும் கால்சியம் ஆக்சலேட் ஊசிப்படிகம் உண்டு, கடித்தால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும். எட்டாத பக்கமாக வையுங்கள்.

நிழல்வாசி (மூன்று மாதம் கழித்து):
குழாயைத் திருப்பிவிட்டேன், கிளையை வெட்டவில்லை. இழுத்துக்கொண்டிருந்த அந்த நான்காவது பெரணி சுவரோரம் போனதும் வயலின் தலை மாதிரி சுருண்ட குருத்து ஐந்து விட்டிருக்கிறது. மரத்தடியில் ஆஸ்பிடிஸ்ட்ரா நட்ட நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது, இதைத்தான் பொறுமை என்றீர்களா? அப்புறம், அழுகிய இசட்இசட்டில் நல்லதாக இருந்த சில இலைகளைக் கிள்ளி மணலில் குத்தி வைத்தேன். வாடவும் இல்லை, துளிர்க்கவும் இல்லை. பயனில்லையா?

கிழங்குக்காரி:
இருக்கட்டும். அது முதலில் அடியில் கிழங்கு கட்டும், தளிர் அதற்கும் பல மாதம் கழித்துத்தான். தயவுசெய்து இழுத்துப் பார்க்காதீர்கள்.

நிழல்வாசி:
நேற்றே இழுத்துப் பார்த்துவிட்டேன். காம்பு முனையில் பட்டாணி அளவுக்கு ஒரு குமிழ். திரும்பக் குத்திவிட்டேன்.