செங்கோட்டை மர அறுவைத் தொழிலாளர் கோரிக்கை மனு: உதவி வேண்டும்

தோழர்களுக்கு வணக்கம். செங்கோட்டை மர அறுவை மில்களில் வேலை செய்யும் நாங்கள் கூலி உயர்வும் பாதுகாப்பும் கேட்டுச் சங்கமாகத் திரண்டு வருகிறோம். அடுத்த மாதம் முதலாளிகளிடம் அளிக்கவிருக்கும் கோரிக்கை மனுவைப் பிழையின்றித் தயாரிக்க உங்கள் உதவியை நாடுகிறேன்.

மரத்தொழிலுக்கெனத் தமிழக அரசு குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயித்திருக்கிறது. விலைவாசிக்கேற்பத் தரப்படும் பஞ்சப்படியும் ஏப்ரல்தோறும் மாற வேண்டும். எங்களுக்கோ நான்கு ஆண்டுகளாக அதே கூலிதான்.

பேண்ட் சா எனும் பட்டை ரம்ப இயந்திரத்தின் காப்புத் தகடு கழன்று கிடந்த ஒரு நாளில், என் பக்கத்தில் கட்டை தள்ளிக்கொண்டிருந்த அண்ணனுக்கு இரண்டு விரல்கள் போயின. பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் அந்த மில்லில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பதிவே இல்லாததால், சிகிச்சைக்கு அவர்தான் வட்டிக்குக் கடன் வாங்கினார். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே அறிவித்துவிட்டது; நாங்கள் இன்னும் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டே அறுக்கிறோம்.

மரத்தொழிலுக்கான நடப்பு ஆண்டுப் பஞ்சப்படி ஆணையின் நகலோ, வேறு ஊர் மில்களில் கையெழுத்தான கூலி ஒப்பந்தத்தின் மாதிரியோ வைத்திருப்பவர்கள் அன்புகூர்ந்து பகிருங்கள். இ.எஸ்.ஐ. பதிவுக்காகப் போராடி வென்ற தோழர்கள் எவரேனும் இருந்தால், முதலில் யாரிடம் மனுக் கொடுத்தீர்கள், வருகைப் பதிவேடே இல்லாத இடத்தில் வேலை செய்ததை எப்படி நிரூபித்தீர்கள் என்பதை விரிவாக எழுத வேண்டுகிறேன்.